சோற்றில் நட்ட கரண்டி

ஓக்புன் தன் புருஷனைச் சாகடித்தது 1957-ஆம் வருஷம், ஊர் அலுவலகத்து மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு. கத்தி, ரத்தம் என்று எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எழுத்தர் பல்லைக் குத்திக்கொண்டே, வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். செத்துவிட்டார் என்றாள். அவர் எழுதிக்கொண்டார். குச்சியைக்கூட வாயிலிருந்து எடுக்கவில்லை.

போரில் சொர்வொன் சமவெளியே சாம்பலாகிப் போயிருந்தது. குடும்பப் பதிவேடுகளும் அதோடு எரிந்துவிட்டதால், திரும்பி வந்தவர்களையெல்லாம் வரிசையில் நிறுத்திப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். இரண்டு சாட்சி இருந்தால் யாரை வேண்டுமானாலும் பிறக்கவைக்கலாம், சாகவும் வைக்கலாம். ஓக்புன் இரண்டு பேரைப் பிடித்து வந்திருந்தாள், ஆளுக்கு ஒரு பானை அரிசிக்கள் தருவதாகப் பேச்சு. இரண்டு பேரும் அவள் புருஷனைக் கண்ணால் பார்த்ததில்லை. அதில் ஒருவன், வண்டிக்காரன், வாங்கப்போகும் கள்ளுக்குக் குறைவில்லாமல் நடித்துத் தீர்த்தான். விமானம் வந்ததாம், குண்டு விழுந்ததாம், அவள் புருஷனின் கண்களை இவன்தான் மூடிவிட்டானாம். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்தக் கையில் காறித் துப்பவேண்டும்போல் இருந்தது ஓக்புனுக்கு. எழுத்தர் இறந்த நாளைக் கேட்டபோது, ஒன்பதாம் சந்திர மாதம், மூன்றாம் நாள் என்று கண்ணிமைக்காமல் சொன்னாள். புருஷன் வீட்டை விட்டுப் போன நாளுக்கு மறுநாள் அது.

அவள் கழுத்துக்கு வந்த கத்தி அப்படி. கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

நாட்டை ஆண்ட ஜப்பான்காரன் போன வருஷம், எங்கேயோ உட்கார்ந்துகொண்டு யாரோ வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, நாட்டை வடக்கு தெற்கு என்று இரண்டாக்கினார்கள். போட்டவர்களுக்கு இந்த ஊரில் நெல் விளையுமா கல் விளையுமா என்றுகூடத் தெரிந்திருக்காது. கோட்டுக்கு வடக்கே விழுந்தது சொர்வொன். வடக்குக்காரர்கள் மேளம் அடித்துக்கொண்டு வந்து, நிலம் உங்களுக்கே என்று முத்திரை குத்திய காகிதம் கொடுத்தார்கள். அடுத்த அறுவடைக்கு அதே ஆட்கள் வயலில் இறங்கி, ஒரு கதிரில் எத்தனை மணி என்று எண்ணி வரி போட்டார்கள். போர் வந்து, கோடு நகர்ந்து, ஊர் தெற்கின் கைக்கு வந்ததும், பழைய நிலக்கிழாரின் மகன் ராணுவ ஜீப்பில் வந்து இறங்கினான். அவனிடம் வேறு ஒரு முத்திரைக் காகிதம் இருந்தது. முதலில் வந்தவர்களுக்கும் கை தட்டச் சொன்னார்கள். பின்னால் வந்தவனுக்கும் கை தட்டச் சொன்னார்கள். இரண்டு தடவையும் தட்டியவள் ஓக்புன். தட்டிய கையைப் பார்த்தாலே பிறகெல்லாம் அவளுக்கு எரிச்சல்தான் வரும்.

புருஷன் ஹாம் சொக்ஜூ பள்ளிக்கூட வாத்தியார். 1950 அக்டோபரில் வடக்குப் படை பின்வாங்கும்போது, வாத்தியார்கள் எல்லாரும் கூடவே நடக்க வேண்டும் என்று உத்தரவு. பயந்து போனாரா, விரும்பிப் போனாரா என்பது அவருக்கே தெரிந்திருக்காது. பிள்ளை யோங்கிலுக்கு அப்போது எட்டு மாதம். பத்தே நாளில் வந்துவிடுவதாகச் சொன்னார். அந்த நாட்டில் வீட்டில் ஆளுக்கொரு கரண்டி உண்டு, அடுத்தவர் அதைத் தொடமாட்டார்கள். நீண்ட பயணம் போகிறவன் தன் கரண்டியைக் கையோடு எடுத்துப்போவான். ஓக்புன் அவருடைய பித்தளைக் கரண்டியைத் துணியில் சுற்றி நீட்டினாள். "பத்து நாளைக்கு எதுக்குடி, இருக்கட்டும் வீட்லயே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பத்து நாள் முடியவே இல்லை. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு தெற்கே ஓடி, அகதி முகாமில் ஆறு வருஷம் கிடந்து, திரும்பி வந்தபோது ஓக்புனுக்கு ஒரு புதுப் பட்டம் காத்திருந்தது. வடக்கே போனவன் பெண்டாட்டி. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து மாதம் ஒருமுறை ஆள் வந்து கடிதம் வந்ததா, கனவில் வந்தாரா என்று கேட்டுவிட்டுப் போவான். அப்படிப்பட்டவனின் பிள்ளைக்கு அரசாங்க வேலை கிடையாது, பட்டாளத்தில் பதவி கிடையாது, பெண்ணும் கிடைக்காது. செத்தவன் பிள்ளைக்கு அந்தத் தொல்லை இல்லை. பிள்ளை பெரியவனாகி அப்பாவைப்போல வாத்தியாராக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காகத்தான் அந்தச் சாவு.

ஆனால் காகிதத்தில் சாகடித்தால் போதாது. செத்தவனுக்குத் திதி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஊர் கேட்கும், ஊருக்கு முன்னால் ஸ்டேஷன் கேட்கும்.

அந்த வருஷமே முதல் திதி கொடுத்துவிட்டாள். மறு வருஷத் திதிக்கு ஸ்டேஷனிலிருந்தே ஒருவர் வந்துவிட்டார். பெயர் மேங். உளவுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர், இருபத்தெட்டு வயது, மீசை வைக்க ஆசைப்பட்டு வராத முகம். இந்தக் குடும்பத்தின் கோப்பு இனி அவர் பொறுப்பாம். முறைப்படி நடுராத்திரியில் கொடுக்கவேண்டிய திதியை, அவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்பதற்காக அந்தி நேரத்துக்கு மாற்றச் சொன்னார். மாற்றினாள். செத்தவன் பசி போலீஸ்காரன் பஸ்ஸுக்குக் கட்டுப்பட்டது.

ஓக்புன் படையல் வைத்தாள். சோறு, சூப்பு, பேரிக்காய், கருவாடு, பாசிப்பயறு அரைத்துச் சுட்ட அடை. சோற்றைக் கிண்ணத்தில் கோபுரமாய்க் குவித்து, அதன் நடுவில் அவருடைய பித்தளைக் கரண்டியை நிமிர்த்தி நட்டாள். உயிரோடு இருக்கிறவன் சோற்றில் கரண்டியை நடமாட்டார்கள். குழந்தை விளையாட்டாய் நட்டாலே முதுகில் ஒன்று விழும். செத்தவன் வந்து சாப்பிட வைப்பது அது. கை நடுங்கியது. எங்கோ வடக்கே அந்த மனுஷன் இந்த நிமிஷம் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தொண்டையில் சிக்காதா என்று பட்டது. பையனுக்காக என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு அழுத்தி நட்டாள். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

எட்டு வயது யோங்கில் விழுந்து கும்பிட்டான், இரண்டு முறை. உயிரோடிருக்கும் பெரியவர்களுக்கு ஒரு கும்பிடு, செத்தவர்களுக்கு இரண்டு. அவன் பின்னால் மேங்கும் தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டு முறை விழுந்தார். எழுந்து, முட்டியைத் தட்டிக்கொண்டே, "இனிமே வாத்தியார் எனக்கு அண்ணன் மாதிரி. நீங்க அண்ணி" என்றார். அப்புறம் படையல் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர், அடை முழுவதையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தார். விரலிடுக்கில் எண்ணெய் வழிந்தது. அந்த விரலை நக்கிவிட்டு அதே விரலால் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டி எதையோ எழுதினார். ஓக்புன் சிரித்துக்கொண்டு இன்னொரு கிண்ணம் கள் ஊற்றினாள்.

வருஷம் தவறாமல் வந்தார் மேங். திதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே சந்தையில் பார்த்தால், "அண்ணி, இந்தத் தடவை அடைல கொஞ்சம் பன்னிக்கறி சேருங்க, அண்ணனுக்குப் பிடிக்கும்" என்பார். அண்ணனுக்கு என்ன பிடிக்கும் என்று இவருக்கு எப்படித் தெரியும்? அவளும் சேர்த்தாள். சேர்க்காவிட்டால் நோட்டில் என்ன ஏறுமோ என்ற பயம். வயலில் களை எடுக்கும்போது வடக்கிலிருந்து ஒரு ஒலிபெருக்கி, வாருங்கள் சொர்க்கத்துக்கு என்று கத்தும். தெற்கிலிருந்து இன்னொன்று, இதுதான் சொர்க்கம் என்று கத்தும். நடுவில் குனிந்து நின்று அவள் யோசித்ததெல்லாம் அடைக்கு எவ்வளவு பயறு ஊறப்போடுவது என்பதைத்தான்.

1974-இல் யோங்கில் ஆசிரியர் தேர்வு எழுதினான். மாவட்டத்தில் மூன்றாவது. நியமனத்துக்கு முன் குடும்பப் பின்னணி விசாரணை என்று ஒன்று உண்டு. அதில் அடிபட்டான். காரணம் சொல்ல மாட்டார்கள், தகுதியில்லை என்று ஒரே ஒரு வரி வரும். ஓக்புன் மேங்கின் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் நெற்றியைச் சுருக்கி, தன்னால் ஆனதையெல்லாம் செய்ததாகவும், மேலே எவனோ தடுத்துவிட்டதாகவும் சொன்னார். திதியை மட்டும் விட்டுவிடாதீர்கள், அடுத்த தடவை அதுதான் உங்களுக்குச் சாட்சி என்றும் சொன்னார். இரண்டு வருஷம் கழித்து மறுபடி எழுதினான். மறுபடியும் அதே ஒரு வரி.

அன்றைக்குத்தான் மகனிடம் உண்மையைச் சொன்னாள். அப்பா குண்டில் சாகவில்லை, நடந்துதான் போனார், அதற்கப்புறம் இருக்கிறாரோ இல்லையோ தெரியாது என்று. அவன் புத்தகங்களைக் கட்டி அடுப்பில் வைத்தான். அடுத்த மாதம் கடைத்தெருவில் கை டிராக்டர் பழுது பார்க்கும் கொட்டகையில் சேர்ந்தான். முப்பத்தெட்டு வயதில் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டான், அவளும் நாலு வருஷத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். திதி மட்டும் நிற்கவில்லை. நிறுத்தினால் இத்தனை வருஷப் பொய்யும் வெளுத்துவிடும். மேங் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும், கோப்பு என்று ஒன்று இல்லாமல் போன பின்னும், பழக்கதோஷத்தில் ஒரு கள்ளுப் புட்டியோடு வந்து உட்கார்ந்து அடை தின்றார்.

இரண்டாயிரமாம் வருஷம் ஜூலையில் அந்தக் கடிதம் வந்தது. இரண்டு நாட்டுத் தலைவர்களும் கைகுலுக்கிக்கொண்டதில், பிரிந்த குடும்பங்களைச் சந்திக்கவைக்கப் போகிறார்களாம். வடக்கிலிருந்து வரும் நூறு பேரில் ஹாம் சொக்ஜூ ஒருவர், வயது எழுபத்தைந்து. தேடும் உறவினர்கள்: தாய், தங்கை. மனைவி, மகன் என்ற பேச்சே அதில் இல்லை. தாயும் தங்கையும் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிவிட்டதால், பதிவேட்டைப் புரட்டி இவளைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஓக்புன் கடிதத்தை மகனிடம் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. அவர் தன்னைத் தேடாதது அவளை உறுத்தவில்லை. உயிரோடிருந்தவர் சோற்றில் நாற்பத்துமூன்று தடவை கரண்டியை நட்டாளே, அதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்பதுதான் நெஞ்சை அறுத்தது. சியோலுக்குப் புறப்படும்போது அந்தக் கரண்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பெரிய கூடம், வட்ட மேஜைகள், கேமராக்கள். வந்தவர் கோட்டில் பதக்கங்களும், நெஞ்சில் தலைவர் படம் போட்ட வில்லையும் இருந்தன. ஓக்புனைப் பார்த்தார், யோங்கிலைப் பார்த்தார், அப்புறம் கேமராவைப் பார்த்து, மாபெரும் தலைவரின் பேரருளால் இந்த நாள் கிடைத்தது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். ஐம்பது வருஷம் கழித்து ஒரு மனுஷன் பெண்டாட்டி முன்னால் வந்து நின்று பேசுகிற பேச்சா இது? அடுத்த மேஜையில் தெற்கத்தி அதிகாரி ஒருவன் கேமராவுக்காக ஒரு கிழவியை, இன்னும் கொஞ்சம் கட்டிப்பிடித்து அழுங்கள் என்று தள்ளிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கமும் அதே அசிங்கம்தான்.

கேமரா நகர்ந்ததும் ஓக்புன் மனதிலிருந்ததைக் கொட்டிவிட்டாள்.

"உங்களச் செத்துட்டாருன்னு எழுதிக் குடுத்துட்டேங்க. பையனுக்காக. நாப்பத்துமூணு வருஷம் திதி குடுத்தேன். என்ன மன்னிச்சிருங்க."

அவர், வடக்கிலிருந்து கூடவே வந்து தன் பின்னால் நின்ற வழிகாட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நானும்தான் எழுதினேன். அம்பத்துமூணுல. குண்டுல நீயும் பிள்ளையும் போயிட்டீங்கன்னு. தெக்க குடும்பம் இருக்குன்னா பள்ளிக்கூடத்துல வெச்சுக்க மாட்டாங்க."

அங்கே அவருக்கு வேறு பெண்டாட்டி, நாலு பிள்ளைகள், தலைமையாசிரியர் பதவி. ஓக்புனுக்கு முதலில் ஒருவித நிம்மதிகூட வந்தது. தான் செய்த பாவத்தைத்தானே அவரும் செய்திருக்கிறார். ஆகவே சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"எனக்கு எந்த நாள்ல திதி குடுத்தீங்க?"

"திதியா? அதெல்லாம் ஏது. பாரத்துல எழுதினேன், அவ்வளவுதான்."

"ஒரு கிண்ணம் சோறுகூட வைக்கலையா?"

அவர் மேஜைமேல் இருந்த சோடா புட்டியின் லேபிளைப் பார்த்தார். பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, மகனிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். டிராக்டர் ரிப்பேர் என்றான் யோங்கில். "அங்க இருந்திருந்தா நீ வாத்தியாராயிருப்பே" என்றார் பெருமையாக. யோங்கில் நகக்கண்ணில் ஏறிய கிரீஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மகனுக்காகப் புருஷனைச் சாகடித்தவளின் முன்னால், அந்த மகன் முகத்துக்கு நேராகச் சொன்ன பேச்சு இது. ஓக்புன் கைப்பையைத் திறக்கவே இல்லை. கரண்டி போனபடியே வீடு திரும்பியது. மூன்று நாளும் அழாத ஒரே பெண்பிள்ளை என்று அவளைத் தொலைக்காட்சியில் ஒரு நொடி காட்டினார்கள்.

ஆறு வாரம் கழித்து ஒன்பதாம் மாதம் மூன்றாம் நாள் வந்தது. திதி இல்லை. உயிரோடிருப்பவனுக்கு ஏது திதி? அம்மாவும் மகனும் புது அரிசிச் சோறும் கிம்ச்சி ஊறுகாயும் வைத்துச் சாப்பிட உட்கார்ந்த அந்தி நேரத்தில், வாசலில் செருமல் கேட்டது. மேங். எழுபது வயது, ஒரு முட்டி மடங்காது, கையில் வழக்கமான புட்டியும் ஒரு பெட்டி பேரிக்காயும்.

திதி இல்லை என்றாள் ஓக்புன். தெரியும், டிவியில் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். அண்ணனுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, பதக்கம்கூட நிறைய என்று சிரித்தார். அவர் உயிரோடிருப்பது உங்களுக்கு ஆச்சரியமாக இல்லையா என்று யோங்கில் கேட்டான்.

"ஆச்சரியம் என்ன தம்பி. அறுபத்திரண்டுலயே தெரியும். பிடிபட்ட உளவாளி ஒருத்தன் சொன்னான், வடக்க வோன்சான்ல ஹாம் சொக்ஜூன்னு ஒரு ஹெட்மாஸ்டர் இருக்கார்னு. கோப்புல ஏத்திட்டோம்."

ஓக்புன் வாய்க்குக் கொண்டுபோன தன் கரண்டி அப்படியே நின்றது.

"அப்ப, இவன் பரீட்சை எழுதினப்ப?"

"தகப்பன் உயிரோட வடக்க இருக்கான்னுதான் எழுதினேன். வேற என்ன எழுத முடியும் அண்ணி, மறைச்சா என் தலையில்ல போயிருக்கும்." பேரிக்காய்ப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே பேசினார். "இப்பதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே, சொல்றதுக்கு என்ன."

"தெரிஞ்சும் வருஷா வருஷம் வந்து எதுக்குய்யா விழுந்து கும்பிட்டீங்க?"

"பாக்கணும்ல, உங்களுக்கு லெட்டர் கிட்டர் வந்துச்சான்னு. நிஜமாவே படையல் போடுறீங்கன்னா உங்களுக்குத் தெரியலைன்னு அர்த்தம். மனைவிக்குத் தெரியாதுன்னு எழுதிருவேன். உங்களுக்கு நல்லதுதானே செஞ்சிருக்கேன்." சட்டைக் கையால் வாயைத் துடைத்தார். "அதோட அண்ணி, உங்க அடை மாதிரி இந்த ஜில்லாவுல யாரும் சுட முடியாது. இன்னைக்கு ஒண்ணுகூட இல்லையா?"

மகனுக்காக என்று சொல்லிச் சொல்லி நட்ட கரண்டி. அதற்குச் சாட்சியாக எதிரே உட்கார்ந்து தின்றவனே அந்த மகன் வாயில் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறான். போட்டுவிட்டு அடுத்த வருஷமும் வந்து, அண்ணி, பன்னிக்கறி சேருங்கள் என்றிருக்கிறான். ஓக்புனுக்கு அழுகை வரவில்லை, கோபம்கூட வரவில்லை. அடுப்படியில் கருவாட்டுப் பானையைத் திறந்ததும் உள்ளே புழு நெளிவதைப் பார்த்தால் வருமே, அது வந்தது.

கொஞ்சம் இருங்கள், இதோ வருகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். பெரிய கிண்ணத்தை எடுத்து, புதுச் சோற்றைக் கோபுரமாய்க் குவித்தாள். சுவரில் தொங்கிய கைப்பையிலிருந்து பித்தளைக் கரண்டியை எடுத்தாள். நாற்பத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் கை நடுங்கவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்து, மேங்கின் முன்னால் மரியாதையாக வைத்தாள். சோற்றின் நடுவில் கரண்டி நிமிர்ந்து நின்றது.

"சாப்பிடுங்க, கொழுந்தனாரே."

மேங் கரண்டியைப் பார்த்தார். அப்புறம் ஓக்புனைப் பார்த்து, என்ன அண்ணி இது விளையாட்டு என்று சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை. கரண்டியைப் பிடுங்கி எடுக்கக் கை நீட்டியவர், தொட மனம் வராமல் கையை இழுத்துக்கொண்டார்.

யோங்கில் தன் சோற்றுக் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு எழுந்தான். சட்டையைக் கீழே இழுத்துவிட்டு, பித்தான்களைப் போட்டுக்கொண்டான். மேங்கின் எதிரே நின்று, நெற்றி தரையில் படும்படி விழுந்து ஒருமுறை கும்பிட்டான். மேங் ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மடங்காத முட்டியோடு எழுந்திருக்கப் போராடினார். அவர் முழுதாக எழுந்து நிற்பதற்குள் யோங்கில் இரண்டாவது முறையும் விழுந்தான்.